விவசாயப் பொருளுக்கு ஜிஎஸ்டி மாறினால் டேலி கணக்கு மென்பொருளில் பழைய ஐட்டத்திலேயே திருத்தலாமா, புது ஐட்டம் திறக்க வேண்டுமா?

புது ஐட்டம் வேண்டாம். பழைய விகிதத்தை அழித்துவிட்டு மேலேயே எழுதவும் வேண்டாம். அதே ஐட்டத்துக்குள், எந்தத் தேதியிலிருந்து அமல் என்று கேட்கும் இடத்தில் புதுத் தேதியைக் கொடுத்து விகிதத்தைச் சேர்த்தால் போதும்.

செங்குன்றம், மாதவரம், மீஞ்சூர் பக்கம் ஸ்ப்ரேயர், சொட்டுநீர்க் கடைகள் சிலவற்றுக்குக் கணக்கு எழுதுகிறேன். 2025 செப்டம்பர் 22-ல் விகிதம் மாறிய வாரம் எல்லாக் கடையிலும் இதே பேச்சுதான். 12 சதவீதத்தை அழித்து 5 என்று அடித்துவிட்டால், நாளைக்கு யாராவது ஆகஸ்ட் பில்லைத் திறந்து திருத்தும்போது அதிலும் 5 வந்து உட்காரும். அரசுக்குத் தாக்கல் செய்த ரிட்டர்னில் 12 போயிருக்கும், அப்புறம் இரண்டும் ஒத்துப்போகாது. புது ஐட்டம் திறந்தால் வேறு கூத்து: கிடங்கில் இருப்பது ஒரே ஸ்ப்ரேயர், கணக்கில் ஒன்று மைனஸில் போகும், இன்னொன்று விற்காமலே நிற்கும்.

விகிதத்தை, பல ஐட்டங்களைச் சேர்த்து வைக்கும் ஸ்டாக் குரூப்பில் மொத்தமாக மாற்றுவது சுலபம்தான், ஆனால் அங்கேதான் நிறையப் பேர் மாட்டினார்கள். விவசாயச் சாமான் எல்லாமே குறையவில்லை. சொட்டுநீர் லேட்டரல் (செடிவரிசையில் போடும் குழாய்), ஸ்ப்ரிங்க்ளர், ஸ்ப்ரேயர், டிராக்டர் எல்லாம் 12-லிருந்து 5-க்கு வந்தன. டிராக்டரின் பின் டயர் 18-லிருந்து 5. சாதாரண பிவிசி பைப், தண்ணீர் மோட்டார், ரசாயனப் பூச்சிமருந்து அதே 18-தான். மண்வெட்டி, அரிவாளுக்கு முன்பும் வரி இல்லை, இப்போதும் இல்லை. ‘பைப்’ என்று ஒரே குரூப்பில் லேட்டரலையும் பிவிசியையும் போட்டு வைத்திருந்தால் முதலில் அதைப் பிரித்துவிடுங்கள்.

அடுத்தது விலை. இதை யாரும் கேட்பதில்லை, எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. வரியோடு சேர்த்து 2,240 ரூபாய்க்கு ஒரு ஸ்ப்ரேயர் விற்றீர்கள் என்று வையுங்கள்: சரக்கு 2,000, வரி 240. விகிதத்தை 5 ஆக்கிவிட்டு, வரி உட்பட்ட விலையை அப்படியே விட்டால் டேலி என்ன செய்யும்? அதே 2,240-ஐப் பின்னோக்கிப் பிரித்து, சரக்கு 2,133.33, வரி 106.67 என்று காட்டும். கூட்டல் சரியாக இருக்கும், யாருக்கும் சந்தேகம் வராது. வரி குறைந்ததில் 133 ரூபாய் மட்டும் சத்தமில்லாமல் கடைக்குப் போய்விடும். வரவேண்டிய விலை 2,100. பொன்னேரியிலிருந்து வாங்க வரும் விவசாயி பெரும்பாலும் ஜிஎஸ்டி எண் இல்லாதவர், கட்டிய வரியை எங்கேயும் கழித்துக்கொள்ள முடியாது. அவருக்கு வரி முழுக்கச் செலவு. அதனால் விலைப்பட்டியலையும் அதே தேதி போட்டு மாற்றுங்கள்.

அப்புறம் கடன் பில். செப்டம்பர் 15-ல் சோழவரத்தில் ஒருவருக்குச் சொட்டுநீர் செட் இறக்கி அன்றே பில்லும் போட்டாயிற்று, பணம் அறுவடைக்கு அப்புறம். ஜனவரியில் வந்து, “அண்ணே, இப்பதான் அஞ்சு பர்சென்ட் ஆயிடுச்சே, நான் ஏன் பன்னிரண்டு கட்டணும்?” என்பார். நியாயமான கேள்விதான். ஆனால் ஜிஎஸ்டி சட்டத்தின் 14-வது பிரிவு சரக்கு போன தேதி, பில் தேதி, பணம் வந்த தேதி மூன்றையும் பார்க்கிறது. இதில் எந்த இரண்டு மாற்றத்துக்கு முன்னால் விழுகிறதோ பழைய விகிதம், எந்த இரண்டு பின்னால் விழுகிறதோ புதியது. அவருக்குச் சரக்கும் பில்லும் முன்னால், ஆகவே 12. சரக்கு மட்டும் 15-ந் தேதி போய், பில்லும் பணமும் 22-க்குப் பிறகு என்றால் 5.

திரும்பி வரும் சரக்கிலும் கவனம். செப்டம்பர் 10-ல் 2,240-க்கு விற்ற ஸ்ப்ரேயர் அக்டோபரில் திரும்பினால், அதற்குப் போடும் கிரெடிட் நோட்டின் (பில்லைக் குறைக்கும் சீட்டு) தேதி அக்டோபர், அதனால் மென்பொருள் தானாக 5 எடுக்கும். பழைய பில் எண்ணையும் தேதியையும் கொடுத்து, விகிதத்தைக் கையால் 12 ஆக்குங்கள். வாங்கியவர் கொடுத்த 2,240-ஐத்தான் திருப்பித் தரவேண்டும்.

‘12 கட்டி வாங்கியதை 5-க்கு விற்றால் நட்டமாச்சே’ என்று நிறைய முதலாளிகள் பதறினார்கள். கட்டிய வரி கிரெடிட்டாக லெட்ஜரிலேயே இருக்கும், அடுத்து வரும் வரியில் கழித்துக்கொள்ளலாம். விகிதம் இறங்கியதால் தேங்கியது என்று ரீஃபண்ட் மட்டும் கேட்க முடியாது. அதனால் மெதுவாக விற்கும் சரக்கு கிடங்கில் நிறைய இருந்தால் அந்தப் பணம் கொஞ்சநாள் மாட்டிக்கொள்ளும், அதற்கு டேலியில் வழி கிடையாது.