இரக்கம் முதலா, மனந்திரும்புதல் முதலா?

அன்புள்ள ஐயா,

களியக்காவிளைப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். பாகம் பிரித்த கையோடு தன் பங்கு ரப்பர் விளையை விற்றுக் குடித்துவிட்டு, பெண்டாட்டி பிள்ளைகளையும் விட்டுவிட்டுப் போன என் தம்பி, உடம்பு கெட்டுத் திரும்பி வந்திருக்கிறான். அம்மை அவனை வீட்டில் வைத்துக் கஞ்சி கொடுக்கிறாள். மனந்திரும்பினால்தானே தேவ இரக்கம்? இவன் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை. இயேசு சொன்ன உவமையில் வருவதுபோல, தொண்ணூற்றொன்பது ஆடுகளை வனாந்தரத்தில் விட்டுவிட்டுக் காணாமற்போன ஒன்றைத் தேடிப்போவது என்ன நியாயம்? மறுபடி பங்கு கேட்பானோ என்றும் பயமாக இருக்கிறது.

அன்புள்ள நண்பருக்கு,

காணாமற்போன ஆடு, காணாமற்போன காசு, காணாமற்போன மகன் என்று மூன்று உவமைகள் வரும் லூக்கா 15-ஆம் அதிகாரத்தை, ஈஸ்டருக்கு முந்தைய இந்த லெந்து நாட்களில் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் உடனே பதில் எழுதுகிறேன். தொண்ணூற்றொன்பது ஆடுகளைப் பார்த்துக்கொள்ள வேறு மேய்ப்பர்கள் இருந்திருப்பார்கள் என்று உரையாசிரியர்கள் சொல்வதுண்டு. சரி, அதை விடுங்கள். ஆடுகளைப் பற்றிய கவலையில் நீங்கள் இந்தக் கடிதத்தை எழுதவில்லை.

மன்னிப்புக் கேட்கவில்லை என்கிறீர்களே, அந்த இடத்துக்கு வருவோம். காணாமற்போன ஆடு என்ன மன்னிப்புக் கேட்டது? மேய்ப்பன் தேடிப் பிடித்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். காசு இருந்த இடத்திலேயே கிடந்தது. விளக்கைக் கொளுத்தி வீட்டைப் பெருக்கியவள் அந்தப் பெண். தன் பங்கை வாங்கிக்கொண்டு போய் அழித்துவிட்டுத் திரும்பி வந்த இளைய மகனாவது ஒரு பேச்சைத் தயார் செய்து வைத்திருந்தான். ஆனால் அவன் வாயைத் திறக்கும் முன்பே, தூரத்தில் வரும்போதே தகப்பன் கண்டு, மனதுருகி, ஓடிப்போய்க் கழுத்தைக் கட்டிக்கொண்டார். 'கூலிக்காரரில் ஒருவனாக வைத்துக்கொள்ளும்' என்று சொல்ல நினைத்துவந்த வரியைச் சொல்லவே இல்லை. அதற்குள் வஸ்திரம் எடுத்துவரச் சொல்லியாயிற்று.

சகேயு கதையையும் பாருங்கள். ஊரார் பணத்தை வாங்கித் தின்ற ஆயக்காரன், அதாவது வரி வசூலிப்பவன், இயேசுவைப் பார்க்கக் காட்டத்திமரத்தில் ஏறி இருக்கிறான். 'இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்' என்கிறார் இயேசு. ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாக வாங்கியதற்கு நாலத்தனை என்று அவன் சொல்வது அதற்கு அப்புறம். வீட்டுக்குள் வந்த பிறகு. மனந்திரும்புதல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது எதிலிருந்து பிறக்கிறது என்று கேட்கிறேன். அன்பைக் காணாதவன் எதைப் பார்த்துத் திரும்புவான்?

எங்கள் சித்தப்பா புனலூர்ப் பக்கம் ரப்பர் பால் வெட்டுக்குப் போய், பல வருஷம் தகவலே இல்லாமல் இருந்து, கண் மஞ்சளித்து வயிறு வீங்கி வந்தார். அம்மை மரச்சீனிக் கிழங்கும் நெத்திலிக் கறியும் வைத்தாள். எங்கே போனாய், யாரோடு இருந்தாய் என்று ஒன்றும் கேட்கவில்லை. அவர் நகக்கண்ணில் ரப்பர் ஒட்டுப்பால் கறுத்துப்போய் இருந்தது. கை கழுவிய பிறகும் அந்த நாற்றம் போகவில்லை. குனிந்த தலை நிமிராமல் தின்றார். அந்த மழைக்காலத்திலேயே செத்துப்போனார். திருவிருந்து (நற்கருணை) எடுக்காதவர், சபைச் சந்தா பாக்கி உள்ளவர், கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது என்றது சபைக் கமிட்டி. அப்பா அலைந்து கடன் வாங்கி வந்து கட்டினார். கார்பன் தாள் வைத்து, செத்தவர் பெயரிலேயே ரசீது எழுதினார்கள். அதன் பிறகுதான் மணி அடித்தது. சவம் அதுவரை வீட்டு முற்றத்தில் கிடந்தது.

1859-இல் திருவிதாங்கூர் அரசின் அறிவிப்பு வரும்வரை மாரை மறைக்கத் தோள்சீலை போட்டதற்காகத் தெருவில் அடிபட்ட பெண்களின் வழியில் வந்தவர்கள் நாம். யாரும் கணக்கில் சேர்க்காத சனத்தைத் தேடிவந்தது சுவிசேஷம். அதே சுவிசேஷத்தைச் சொல்லும் கோயில் வாசலில் ரசீதுப் புத்தகத்தோடு உட்கார நமக்கு எப்படி மனம் வந்தது? நீங்களும் இப்போது அதைத்தான் செய்கிறீர்கள். தம்பியிடம் மன்னிப்பை முன்பணமாகக் கேட்கிறீர்கள்.

உங்கள் வேதனை எனக்குப் புரியாமல் இல்லை. விடியற்காலையில் எழுந்து ரப்பர் பால் வெட்டி, அம்மைக்கு மருந்து வாங்கி, அவன் பிள்ளைகளுக்கும் ஃபீஸ் கட்டியிருப்பீர்கள். ஒரு ஆட்டுக்குட்டிகூட எனக்குத் தரவில்லையே என்று, தம்பிக்கு வைத்த விருந்துக்கு உள்ளே வராமல் நின்ற மூத்த மகன் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் தகப்பன் அவனுக்காகவும் வெளியே வந்து வருந்தி அழைக்கிறார். நீங்கள் கோபத்தோடு நிற்கும் இடத்துக்கே அவர் வந்திருக்கிறார், அதைப் பாருங்கள். ஆனால் மூத்தவன் பேச்சைக் கவனியுங்கள்: 'உம்முடைய குமாரன்' என்கிறான், தம்பி என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அவன் மேல் எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

பங்கு விஷயத்துக்குப் பதில் அந்தக் கதையிலேயே இருக்கிறது. 'எனக்குள்ளதெல்லாம் உன்னுடையதாயிருக்கிறது' என்று தகப்பன் மூத்தவனிடம் சொல்லிவிட்டார். உங்கள் விளை உங்களுக்குத்தான். சந்தேகம் இருந்தால் பத்திரம் எழுதுகிறவரிடம் போய்க் கேளுங்கள். தம்பி இப்போது கேட்பது கஞ்சி. முதலில் அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். அம்மையால் அந்த அலைச்சல் முடியாது.