ஏறுகிறவருக்கு முதலில் இடம் கொடுங்கள்

கேள்வி: ரெயூனியன் தீவில் சென் லூயிக்கு மேலே, கரும்புக் காடுகளுக்கு நடுவே எங்கள் ஊர். கீழே கோயில், மேலே பள்ளிக்கூடம். நடுவில் 3.2 கிலோமீட்டர் மாவட்டச் சாலை, 260 மீட்டர் ஏற்றம். சாலையின் அகலம் 5 மீட்டர்தான். ஒரு பக்கம் பாறையும் திறந்த வடிகாலும், மறுபக்கம் பள்ளம். பிள்ளைகள் நடந்தும் சைக்கிளிலும் போய் வருகிறார்கள். தீமிதிக்கு விரதம் இருப்பவர்கள் விடியும் முன்பே கோயிலுக்கு இறங்குகிறார்கள். சாலையோரம் வெள்ளைக் கோடு போட்டு சைக்கிள் படம் வரையச் சொல்லலாம், நாலைந்து வேகத்தடை கேட்கலாம் என்று எங்கள் சங்கத்தில் பேச்சு. மனு எழுதுமுன் உங்கள் யோசனை வேண்டும்.

பதில்: அந்த இரண்டையும் கேட்காதீர்கள். ஒன்று ஆபத்தைக் கூட்டும், மற்றது சட்டப்படி கிடைக்காது.

முதலில் கோடு. பேருந்தின் உடல் அகலம் 2.55 மீட்டர், இரு பக்கக் கண்ணாடிகளையும் சேர்த்தால் ஏறக்குறைய 3. மேடேறும் சைக்கிள் நேர்கோட்டில் போகாது, இடமும் வலமும் ஆடும். அதற்கு 1 மீட்டராவது வேண்டும். ஊர் எல்லைக்கு வெளியே சைக்கிளை முந்தும் வண்டி 1.5 மீட்டர் தள்ளிப் போக வேண்டும் என்பது பிரெஞ்சுச் சட்டம் (ஊருக்குள் 1 மீட்டர்). கூட்டினால் 5.5 வருகிறது. உங்கள் சாலை 5. அதாவது, எதிரே ஒரு வண்டியும் இல்லாவிட்டாலும் பேருந்து அங்கே சைக்கிளை முந்த முடியாது. பொறுமையாகப் பின்னால்தான் வர வேண்டும். இந்த நிலையில் ஓரமாக 70 சென்டிமீட்டரில் ஒரு கோடு போட்டால் ஓட்டுநர் என்ன நினைப்பார்? 'அது அவன் பங்கு, இது என் பங்கு' என்று ஒதுங்காமலே உரசிக்கொண்டு போவார். பல வருடங்களுக்கு முன் வேறொரு மலையூரில் இப்படி ஒரு கோட்டுக்கு நானே ஒப்புதல் சொன்னேன். முதல் மழையிலேயே சரளையும் கரும்புச் சோகையும் அந்தப் பட்டையில் வந்து சேர்ந்தன. பிள்ளைகள் அதை விட்டு நடுச்சாலைக்கு வந்தார்கள், வண்டிகளோ கோட்டை நம்பி வேகம் எடுத்தன. அன்றிலிருந்து குறுகிய மலைச் சாலையில் வெறும் கோட்டுக்கு நான் சம்மதிப்பதில்லை.

வேகத்தடை விஷயம் இன்னும் எளிது. 4 சதவீதத்துக்கு மேல் சரிவுள்ள சாலையில் வேகத்தடை போடக் கூடாது என்று 1994 மே மாத அரசாணை சொல்கிறது. உங்கள் சாலையின் சராசரிச் சரிவே 8 சதவீதம். மனுவில் அதை எழுதினால், மற்ற நல்ல கோரிக்கைகளும் அதோடு சேர்ந்து ஓரமாகிவிடும். வளைவுக் கண்ணாடியும் அப்படித்தான். ஊர் எல்லைப் பலகைக்கு வெளியே அதற்கு அனுமதி இல்லை.

அப்படியானால் எங்கே தொடங்குவது? ஏறுகிறவரையும் இறங்குகிறவரையும் தனித்தனியாகப் பிரித்துப் பாருங்கள். உங்கள் ஏற்றத்தில் ஒரு பிள்ளை மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் மிதித்தால் மேலே போக 24 நிமிடம். அதே பிள்ளை 30 கிலோமீட்டரில் இறங்கினால் ஏழு நிமிடம்கூட ஆகாது. வண்டிகள் பின்னாலிருந்து வந்து முந்திக்கொண்டே இருக்கும் நேரம் ஏற்றத்தில்தான். இறங்கும் சைக்கிள் கிட்டத்தட்ட கார் வேகத்திலேயே போகிறது. அதை ஓரத்தில் ஒடுக்காமல் சாலையின் தன் பக்கத்தில், வண்டிகளுக்கு நடுவே ஒரு வண்டியாக விடுவதே நல்லது. ஆகவே கிடைக்கிற ஒவ்வொரு சாண் இடமும் முதலில் ஏறுகிறவருக்கு. இரு பக்கமும் சமமாகப் பங்கு வைத்தால் இருவருக்குமே உதவாத இரண்டு கீற்றுகள்தான் மிஞ்சும்.

அடுத்தது அளப்பது. டிசம்பர் கடைசி, ஜனவரியில் அளக்காதீர்கள். பள்ளி விடுமுறை, சாலை பொய் சொல்லும். ஜூலையிலிருந்து டிசம்பர் வரை கரும்பு வெட்டுக் காலம். லெ கோல் ஆலைக்குக் கரும்பு இறக்கும் டிராக்டர்களும், இங்கே 'கஷலோ', அதாவது திமிங்கலம் என்றே பெயர் பெற்ற பெரிய கரும்பு லாரிகளும் ஓடும் காலம் அது. செப்டம்பரில் ஒரு சாதாரண வேலைநாள், காலை ஆறரையிலிருந்து எட்டு மணி வரை, நாலு பேர் போதும். எல்லோரும் மஞ்சள் மேற்சட்டை போட்டுக்கொள்ளுங்கள். ஒரு அளவு நாடா, ஒரு மீட்டர் உயரக் கம்பு, சுண்ணாம்புக் கட்டி. கிலோமீட்டர் கணக்கை மறந்துவிடுங்கள். 3.2 கிலோமீட்டரில் உண்மையாகவே உயிரைக் கேட்கும் இடங்கள் பெரும்பாலும் ஏழெட்டுதான் இருக்கும், ஒவ்வொன்றும் இருபது முப்பது மீட்டர். பணம் அங்கே போக வேண்டும்.

அந்த இடங்களைக் கண்டுபிடிக்கும் வழி இது. ஒவ்வொரு குருட்டு வளைவிலும், ஒரு பிள்ளை நடக்கும் ஓரத்தில் அந்தக் கம்பைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்கட்டும். இன்னொருவர் மேலிருந்து இறங்கி வந்து, கார் ஓட்டுநரின் கண் உயரத்துக்குக் குனிந்து, கம்பு முதலில் எங்கே தெரிகிறதோ அங்கே தரையில் குறி போடட்டும். கம்புக்கும் குறிக்கும் இடையே உள்ள தூரத்தை, அதாவது பார்வைத் தூரத்தை, அளந்து எழுதுங்கள். இப்போது இந்தக் கணக்கை வைத்துப் பாருங்கள்: நனைந்த தார், 10 சதவீத இறக்கம், ஓட்டுநர் உணர்ந்து பிரேக்கை மிதிக்க ஒரு நொடி. 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் நிற்க ஏறக்குறைய 47 மீட்டர் ஆகும். 30 கிலோமீட்டரில் வந்தால் சுமார் 20 மீட்டர். உங்கள் வளைவில் பார்வைத் தூரம் 25 மீட்டர் என்றால், அங்கே 50-இல் வருபவர் பிள்ளையைப் பார்த்த பிறகும் இடித்தே தீருவார். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி. எத்தனை பேர் எத்தனை மனு எழுதினாலும், இந்த ஒரு எண் அளவுக்கு அதிகாரிகளை உட்கார்ந்து கேட்க வைப்பது வேறில்லை.

செலவே இல்லாத வேலை ஒன்று உண்டு, அதை முதலில் செய்யச் சொல்லுங்கள்: வளைவின் உட்புறத்தில் ஆளுயரம் வளரும் ஃபதாக் புல்லை வெட்டுவது. மழைக்காலத்தில் அது சில வாரங்களில் திரும்ப வளர்ந்துவிடும், அதனால் ஒருமுறை வெட்டினால் போதாது. மாதம் ஒருமுறை என்று ஏற்பாடு வேண்டும். 15 மீட்டர் பார்வை 30 ஆக மாறுவதை நீங்களே கம்பை வைத்துப் பார்க்கலாம்.

புல் வெட்டியும் தேறாத இடங்களில், சாலையைக் குறுக்கச் சொல்லுங்கள். ஆமாம், அகலமாக்க அல்ல. பாறையைக் குடைந்து அகலமாக்கினால் கல் உருளும், வண்டி வேகமும் கூடும். அந்த முப்பது மீட்டரில் மட்டும் வண்டிப் பாதையை ஒற்றை வழியாக, 3.5 மீட்டராகச் சுருக்கி, ஒரு நேரம் ஒரு பக்க வண்டி மட்டும் போகும்படி முன்னுரிமைப் பலகை வைக்க வேண்டும். மிச்சம் 1.5 மீட்டர் கிடைக்கிறது. அதை உயர்ந்த ஓரக்கல்லால் பிரித்தால் நடப்பவருக்கு உண்மையான பாதை. தடையில்லாத நடைபாதை 1.40 மீட்டர் இருக்க வேண்டும் என்ற விதிக்கும் இது பொருந்தும். முன்னுரிமையை ஏறும் வண்டிக்குக் கொடுங்கள். வண்டிகள் ஒன்றையொன்று கடக்க முடியாத மலைச் சாலையில் இறங்குகிறவரே முதலில் நிற்க வேண்டும் என்பது ஏற்கெனவே சட்டம். ஆனால் காத்திருக்கும் இடத்திலிருந்து எதிர்முனை தெரிய வேண்டும். தெரியாவிட்டால் சிக்னல் விளக்கு வேண்டியிருக்கும். 3.5 மீட்டருக்குக் கீழே சுருக்கவும் வேண்டாம், கஷலோ திரும்பாது; கரும்பு விவசாயிகளின் எதிர்ப்பு ஒன்றே திட்டத்தை முடக்கிவிடும். அவர்களை முதல் நாளே கூட்டி உட்கார வையுங்கள்.

இனி பாறைப் பக்கத்து வடிகால். அதன் மேல் கான்கிரீட் பலகை போட்டு மூடினால் அறுபது எழுபது சென்டிமீட்டர் இலவசமாகக் கிடைக்கும் என்று நிச்சயம் யாராவது சொல்வார்கள். எனக்கு இதில் பாதி சம்மதம்தான். 1966 ஜனவரியில் இதே தீவின் ஃபோக்-ஃபோக்கில் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் மழை பெய்தது. உலகச் சாதனை அது. பெலால் புயல் 2024-இலும் கரான்ஸ் புயல் 2025-இலும் வந்து போனதை நீங்கள் கண்ணால் பார்த்தவர்கள். மூடிய வடிகாலில் ஒரு கரும்புக் கட்டை சிக்கினால் வெள்ளம் முழுவதும் சாலைக்கு ஏறும், நடைபாதையோடு சேர்த்து. மூடுவதானால் கையால் தூக்கி எடுக்கும் பலகைகள், பத்து மீட்டருக்கு ஒரு இரும்புக் கிராதி, அதுவும் கம்பிகள் சாலைக்குக் குறுக்காக இருக்கும்படி. நீளவாக்கில் கம்பி வைத்தால் சைக்கிள் சக்கரம் உள்ளே இறங்கிவிடும். பாறை உதிரும் இடத்தின் அடியில் மூடவே வேண்டாம், உட்காரும் திண்ணையும் அங்கே கட்ட வேண்டாம்.

எனக்கு மிகவும் பிடித்த வழி சாலையிலேயே இல்லை. உங்கள் ஊரைச் சுற்றிக் கரும்புக் காட்டுக்குள் டிராக்டர் தடங்கள் ஓடுகின்றன. அந்தத் தடங்களில் எவை கோயில் பக்கத்திலிருந்து பள்ளிப் பக்கத்துக்குச் சேரும் என்று பெரியவர்களைக் கேளுங்கள். கார் வருவதற்கு முன் மக்கள் நடந்த வழி பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். பாதித் தூரத்தைச் சாலையிலிருந்து எடுத்துவிட முடிந்தாலே பெரிய காரியம். அது தனியார் நிலம். ஆகவே நில உரிமையாளர், மேயர் அலுவலகம் இருவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் வேண்டும். வெட்டுக் காலத்தில் எந்த நேரம் டிராக்டருக்கு, எந்த நேரம் பிள்ளைகளுக்கு என்பதும் அதில் இருக்கட்டும். செங்குத்தான துண்டுகளில் சரளை கொட்டாதீர்கள், ஒரே புயலில் கடலுக்குப் போய்விடும். துடைப்பத்தால் குறுக்கே கீறிய கான்கிரீட், இருபது மீட்டருக்கு ஒருமுறை தண்ணீரைச் சாய்வாக வெளியே தள்ளும் தாழ்ந்த வாய்க்கால். இந்தத் தடத்தில் சைக்கிள் ஏறலாம், இறங்க வேண்டாம். இறங்குகிற சைக்கிளும் நடக்கிற பாட்டியும் ஒரே மூன்று மீட்டரில் சேரக் கூடாது. மேல் முனையில் சைக்கிளை இறங்கித் தள்ளித்தான் நுழைய முடியும்படி இரண்டு மரத் தடுப்புகளை மாற்றி மாற்றி வையுங்கள். ஓடையில் தரைப்பாலம் குறுக்கிட்டால், தண்ணீர் மேலே ஓடும்போது யாரும் கடக்காதபடி இரு கரையிலும் சங்கிலி போட ஒரு பொறுப்பாளர் பெயரைக் குறித்து வையுங்கள்.

யாரிடம் கேட்பது? மாவட்டச் சாலையின் உரிமை மாவட்ட நிர்வாகத்துடையது. ஆனால் ஊரின் பெயர்ப் பலகைகளுக்கு இடைப்பட்ட பகுதியில் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் மேயருக்கே. பள்ளி அருகே 30 கிலோமீட்டர் மண்டலத்தை அவர் அறிவிக்கலாம். எனவே இரண்டு தனி மனு. இரண்டிலும் அந்தப் பார்வைத் தூரக் கணக்கு.

விரதக்காரர்களுக்கு: இங்கே வண்டி வலப்பக்கம் ஓடுவதால், தனியாக நடப்பவர் ஊருக்கு வெளியே இடது ஓரத்தில், எதிர்வரும் வண்டியைப் பார்த்தபடி நடக்க வேண்டும். இடப்பக்கம் திரும்பும் குருட்டு வளைவில் மட்டும் அது ஆபத்து, ஏனென்றால் எதிரே வருபவர் பாறையை ஒட்டியே வருவார். வளைவுக்கு முப்பது நாற்பது மீட்டர் முன்பே பார்த்து மறுபக்கம் போய்விடுங்கள். ஒற்றை வரிசையாக இல்லாமல் கூட்டமாக இறங்கினால் வலப்பக்கம், முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு. வெள்ளை வேட்டி விடியலில் தெரியும் என்று நம்ப வேண்டாம், மஞ்சள் சட்டையை மேலே போட்டுக்கொள்ளட்டும். கோயில் வாசலில் கழற்றிக்கொள்ளலாம்.

பாதை நெடுகத் தெருவிளக்கு கேட்பீர்கள். தாழ்வான, தரையை மட்டும் பார்க்கும், ஆள் வந்தால் எரியும் மஞ்சள் விளக்காகக் கேளுங்கள். மேலே மலை உச்சிகளில் பொரிக்கும் பாரோ பெட்ரல் பறவைக் குஞ்சுகள் ஏப்ரல் வாக்கில் முதன்முறையாகக் கடலுக்குப் பறக்கின்றன. வெளிச்சத்தைப் பார்த்துத் திசை தப்பிக் கீழே விழுகின்றன. இந்தத் தீவில் மட்டுமே முட்டையிடும் பறவை அது.

செப்டம்பரில் அளந்ததும் தாளை எனக்கு அனுப்புங்கள்: வளைவின் எண், பார்வைத் தூரம், சாலை அகலம், அந்த ஒன்றரை மணி நேரத்தில் போன பேருந்தும் கஷலோவும் எத்தனை. முதல் பணம் எந்த மூன்று வளைவுக்குப் போக வேண்டும் என்று குறித்துத் தருகிறேன்.