கேட்டீங்க, சொல்றோம்: குழலைச் சுற்றி நாலு கொட்டு

கேள்வி: சென்னையில் படிக்கிற மகள் ஒரு கச்சேரிக்குக் கூட்டிப் போனாள். நடுவில் ஒரு பெண் வெள்ளிப் புல்லாங்குழலோடு நிற்க, சுற்றி நாலு பேர் டிரம், காங், மணி, மரக்கட்டை என்று கையில் கிடைத்ததை எல்லாம் தட்டினார்கள். பாட்டும் இல்லை, பக்கவாத்தியம் மாதிரியும் இல்லை. இது என்ன சங்கீதம்?
- ஒரு வாசகர், கீழக்கரை

பதில்: ஒரு குழல், நாலு தாளக்காரர்கள் என்றால் பிரெஞ்சுக்காரர் ஆந்த்ரே ஜோலிவே 1965-இல் எழுதிய உருப்படியாக இருக்கலாம். நான் அங்கே இல்லை, அதனால் அடித்துச் சொல்லவில்லை.

உங்களுக்குப் பிடிபடாமல் போனதற்குக் காரணம் நீங்களே எழுதிவிட்டீர்கள்: பக்கவாத்தியத்தைத் தேடியிருக்கிறீர்கள். இந்த வகையில் கொட்டு யாருக்கும் பக்கத்தில் உட்காராது. ஊர்க் கொடையில் நடுராத்திரி கரகாட்டம் பார்த்திருப்பீர்களே, நாதஸ்வரக்காரர் சீவாளியைக் கழற்றி வாயில் வைத்து நனைத்துக்கொண்டு சும்மா நிற்பார், அந்த நேரம் தவிலும் உறுமியும் பம்பையும் தங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டிருக்கும், கூட்டத்தில் ஒருத்தரும் எழுந்து போக மாட்டார்கள். அந்தக் காதோடு போயிருந்தால் போதும்.

மேற்கே இது சுமார் நூறு வருஷத்துக் கதை. இசையமைப்பாளர் எட்கார் வரேஸ் எழுதிய 'அயோனிசேஷன்' 1933-இல் நியூயார்க்கில் அரங்கேறியபோது 13 பேர் கொட்டுகளும் மணிகளும் சைரனுமாக வாசித்தார்கள். 1939-இல் அமெரிக்காவில் லூ ஹாரிசன் ஒரு புல்லாங்குழலுக்கு எதிரே இரண்டே தாளக்காரர்களை வைத்து ஒரு கன்செர்ட்டோ, அதாவது ஒரு வாத்தியத்தை முன்னால் நிறுத்தி மற்றவற்றோடு வாசிக்கிற உருப்படி, எழுதினார். எதற்குக் குழல்? கொட்டு அடித்த கையோடு ஓய்ந்துவிடும். ஒரு ஸ்வரத்தை மூச்சுள்ளவரை இழுத்து, நடுவில் பெருக்கிக் குறைக்க அதனால் ஆகாது, குழலால் ஆகும். குழலுக்குக் கொட்டத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். அதே வரேஸ் 1936-இல் பிளாட்டினக் குழலுக்கென்று தனியாக ஒன்று எழுதினார், பெயரே அந்த உலோகத்தின் அடர்த்திதான், 'டென்சிட்டி 21.5'. அதில் ஓரிடத்தில் வாசிப்பவர் குழலின் துளைகளை மூடுகிற சாவிகளை விரலால் பட்பட்டென்று தட்ட வேண்டும்.

இதில் உண்மையான சிக்கல் சத்தம்தான். புல்லாங்குழலின் கீழ் ஸ்வரங்கள் பக்கத்து வீட்டில் பேசுகிற மாதிரி இருக்கும், ஒரு டிரம் உரக்கப் பேசினால் காலி. அதனால் எழுதுகிறவர் குழல் கீழே இறங்குகிற இடமாகப் பார்த்துக் கொட்டை நிறுத்துவார், இல்லை துணி சுற்றிய கோலால் லேசாகத் தொடச் சொல்லுவார், குழல் உச்சிக்குப் போனதும் அவிழ்த்து விடுவார். அடுத்த முறை போனால் இதை மட்டும் கவனியுங்கள், யார் எப்போது வாயை மூடுகிறார்கள் என்று. நாதஸ்வரத்துக்கு இந்தக் கருணையே வேண்டாம், அது திறந்த வெளிக்குச் செய்த வாத்தியம்.

கேள்வி: குழல் வெள்ளியில் இருக்கிறது, அதை ஏன் மரக்குழல் இனத்தில் சேர்க்கிறார்கள்? அப்படியென்றால் நம் சங்கு எந்த இனம்?
- கல்லூரி மாணவி, மண்டபம்

பதில்: முன்பு மரத்தில்தான் இருந்தது, 1847-இல் தியோபால்ட் போம் உலோகத்துக்கு மாற்றினார், இனம் மாறவில்லை. சாக்ஸபோன் பித்தளை, ஆனால் நாணல் தட்டையால் ஊதுவதால் அதுவும் இங்கேதான். சங்கில் அதிர்வது ஊதுகிறவரின் உதடு. ஆகவே கடலில் குளித்து எடுத்த சங்கு டிரம்பெட்டுக்குச் சொந்தக்காரன்!

கேள்வி: நான் தப்பு அடிக்கிறவன். கடல் ஈரத்தில் அரை மணிக்கு ஒருதரம் தோல் தொய்ந்துபோகிறது, பனையோலை கொளுத்திக் காய்ச்ச வேண்டியிருக்கிறது. மேல்நாட்டு டிரம்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லையா? எங்கள் மேளத்துக்கும் அப்படி எழுதி வாசிக்க முடியுமா?
- பெயர் வேண்டாம், தேவிபட்டினம்

பதில்: இருந்தது, அண்ணே. கன்றுத் தோல் கட்டிய காலத்தில் அவர்களும் மழை நாளில் திண்டாடியவர்கள்தான். 1950-களின் பிற்பகுதியில் பிளாஸ்டிக் தோல் வந்து பலருக்கு விடுதலை கொடுத்தது. உங்களை அதற்கு மாறச் சொல்ல மாட்டேன், காய்ச்சிய தோலின் அந்தக் 'கிண்' அதில் வராது.

எழுத முடியுமா என்றால், தாராளமாக. உங்களிடம் சொல்கட்டு, அதாவது அடியை வாயால் சொல்கிற தாளச் சொற்கள், இருக்கிறது, அதை நோட்டில் எழுதுங்கள், எங்கே சும்மா இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்து. நாதஸ்வரத்தின் சுருதி குழலோடு பிறந்தது, கீழ்த் துளைகளில் மெழுகு வைத்துக் கொஞ்சம் சரிக்கட்டலாம், அவ்வளவுதான். எனவே முதலில் நாதஸ்வரக்காரர் ஊதட்டும், அதைக் கேட்டு நீங்கள் தப்பை எவ்வளவு ஏற்றுவது என்று முடிவு செய்யுங்கள். மேடையில் கீபோர்டைச் சேர்த்து எல்லா மைக்கையும் முழுசாகத் திறந்துவிட்டு 'ஃப்யூஷன்' என்கிறார்களே, அந்த வேலை மட்டும் வேண்டாம்.

அப்புறம், காய்ச்சுகிற நேரத்தையும் நோட்டில் எழுதிவிடுங்கள். இரண்டு பேர் தப்பைக் காய்ச்சும்போது நாதஸ்வரம் தனியாக ஒரு ஆலாபனை வாசிக்கட்டும், கூடவே பனையோலை படபடக்கிற சத்தமும் கேட்கட்டுமே. பந்தலுக்குப் பக்கத்தில் மட்டும் கொளுத்தாதீர்கள், கரையில் எப்போதும் காற்று.