வாசகர் கேள்வி பதில்: இளம் ஓவியர்களின் குழுக் கண்காட்சி

கேள்வி: எட்டுப் பேர் சேர்ந்து முதல் கண்காட்சி வைக்கிறோம். ஆளுக்கு மூன்று படம். 40க்கு 25 அடி ஹால். ஆறு ஜன்னல், இரண்டு வாசல். 24 படமும் கொள்ளுமா?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: சுற்றுச் சுவர் 130 அடி. ஜன்னலுக்கு நான்கடி வீதம் 24, வாசலுக்கு ஐந்தடி வீதம் 10 கழித்தால் மிச்சம் 96. சட்டத்தோடு ஒரு படம் சராசரியாக இரண்டரை அடி என்றால் 24 படத்துக்கு 60 அடி. இடைவெளி ஒன்றரை அடி வீதம் 36. கூட்டினால் அதே 96! கச்சிதமாக வந்துவிட்டதே என்று குதிக்க வேண்டாம். மூலையில் இரு பக்கமும் ஓரடியாவது விட வேண்டும், சுவிட்ச் போர்டு குறுக்கே நிற்கும், இரண்டு ஜன்னலுக்கு நடுவே உள்ள துண்டுச் சுவரில் ஒரு படம்தான் ஏறும். ஆளுக்கு இரண்டு போதும். எதை விடுவது என்பதை அவரவரிடம் விட்டால் விடியாது. குழுவில் சேராத ஒருவரைத் தேர்வு செய்யச் சொல்லுங்கள்.

ஆளுக்கொரு சுவர் என்று பாகப்பிரிவினையும் வேண்டாம். ஆணி அடிப்பதற்கு முந்தைய நாளே எல்லாப் படங்களையும் சுவரோரம் சாய்த்து வைத்து, இடம் மாற்றி மாற்றிப் பாருங்கள். கத்துகிற சிவப்புக்குப் பக்கத்தில் பென்சில் கோட்டோவியம் செத்துப்போகும்.

உயரத்துக்கு ஒரே விதி: படத்தின் மையம் தரையிலிருந்து 57 அங்குலம். உதாரணமாக, படத்தின் உயரம் 36 அங்குலம். அதில் பாதி 18. பின்பக்கக் கம்பியை நடுவில் விரலால் மேலே இழுத்துப் பிடித்தால் அது மேல்விளிம்புக்கு 4 அங்குலம் கீழே நிற்கிறது. 57 + 18 – 4 = 71. ஆணி 71 அங்குலத்தில். கம்பியை இழுக்காமல் அளந்தால் படம் மாட்டியதும் இறங்கிவிடும். பல கண்காட்சிகளில் வரிசை கோணலாக இருப்பது இதனால்தான்.

கேள்வி: எங்களுக்குக் கிடைத்த ஹால் பழைய கட்டடம். சுவரில் ஆணியே அடிக்கக் கூடாது என்கிறார் உரிமையாளர்.
– வாசகர், சங்கரன்கோவில்

பதில்: அவர் சொல்வது நியாயம். சுண்ணாம்புக் காரையில் ஆணி இறங்கினால் பத்தை பத்தையாகப் பெயரும், படமும் நிற்காது. 8க்கு 4 அடி, 12 மி.மீ. பிளைவுட்டில் தடுப்பு செய்யுங்கள். பின்னால் ரீப்பர் கட்டை. தனிப்பலகை ஆடிக் காற்றில் சாய்ந்துவிடும். இரண்டிரண்டாகக் கீல் போட்டு 'ட' வடிவில் நிறுத்தி, அடிக்கட்டை மேல் மணல் மூட்டை வையுங்கள். ஒரு கோட் பிரைமர், இரண்டு கோட் வெள்ளை எமல்ஷன், பளபளப்பு இல்லாத ரகம். கொக்கிக்கு அரை அங்குலத் திருகாணி. முக்கால் அங்குலம் போட்டால் பலகையைத் துளைத்து, பின்னால் நடப்பவர் கையைக் கிழிக்கும். கனமான படத்துக்கு நீளத் திருகாணி வேண்டும் என்றால், ரீப்பர் ஓடும் இடத்தில் முடுக்குங்கள்.

விளக்கு, படத்தின் மேல் 30 டிகிரி சாய்வில் விழ வேண்டும். 11 அடி உயரக் கூரை என்றால் சுவரிலிருந்து மூன்றரை அடி தள்ளி மாட்டினால் கணக்கு சரி. இன்னும் தள்ளினால் பார்ப்பவரின் தலை நிழல் படத்தில் விழும். எல்.இ.டி. வாங்கும்போது சி.ஆர்.ஐ. (நிறங்களை எவ்வளவு இயல்பாகக் காட்டும் என்பதைச் சொல்லும் எண்) 90க்கு மேல் இருக்கிறதா என்று பெட்டியில் பாருங்கள்.

கேள்வி: கண்ணாடிச் சட்டத்துக்குள் நீர்வண்ணத் தாள் அலை அலையாக நெளிகிறது. பழுப்புப் புள்ளியும் விழுகிறது.
– வாசகர், செங்கோட்டை

பதில்: சாரல் பிரதேசத்தின் சாபம் இது. ஈரக்காற்றில் தாள் விரியும். நான்கு ஓரமும் ஒட்டியிருந்தால் விரிய வழியின்றி நெளியும். மேல் ஓரத்தில் மட்டும் இரண்டு இடத்தில் ஒட்டித் தொங்கவிடுங்கள். செலோடேப் பழுத்துக் கறை விடும். மைதாப் பசைக்கு வெள்ளிப்பூச்சி வரும். கெட்டியான ஜப்பானியத் தாள் பட்டையும், குளூட்டன் என்ற புரதத்தை நீக்கிய கோதுமை மாவுக் கஞ்சியும்தான் நம்பகமானவை.

தாள் கண்ணாடியைத் தொடக் கூடாது. நடுவே, படம் தெரிய ஜன்னல் போல வெட்டிய அமிலமில்லா மவுண்ட் அட்டை இருந்தால், கண்ணாடியில் வேர்க்கும் நீர் தாளில் படாது. புள்ளிக்குக் காரணம் பூஞ்சையும் அட்டையிலுள்ள அமிலமும். மலிவு ஹார்ட்போர்டைத் தாளுக்கு நேர் பின்னால் வைக்காதீர்கள். சட்டத்தின் கீழ்மூலைகளில் கார்க் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று ஓடும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல் வாங்கும் மேற்குச் சுவரில் தாள் ஓவியமே வேண்டாம். ஒளியும் 50 லக்ஸுக்கு மேல் போகக் கூடாது.

கேள்வி: பப்பிள் ராப் சுற்றி பஸ்ஸில் அனுப்பிய அக்ரிலிக் படத்தில் குமிழ்த் தடம் பதிந்துவிட்டதே?
– வாசகர், வள்ளியூர்

பதில்: அக்ரிலிக் காய்ந்த பிறகும் சூட்டில் இளகும். மே மாத வெயிலில் பஸ்ஸின் சாமான் அறை அடுப்புதான். முதலில் கிளாசின் என்ற வழவழப்பான மெல்லிய தாள், அதன் மேல் பப்பிள் ராப், குமிழ்ப் பக்கம் வெளியே பார்க்க. எண்ணெய் வண்ணம் என்றால் இன்னும் மோசம்: தடிமனாகப் பூசியது தொட்டால் ஒட்டாமல் ஆகவே வாரங்கள் பிடிக்கும்.

கேள்வி: ஒவ்வொரு படத்துக்கும் விளக்கம் எழுதி ஒட்டலாமா?
– வாசகர், திசையன்விளை

பதில்: பெயர், தலைப்பு, ஊடகம், அளவு, ஆண்டு. போதும். கவிதை வேண்டாம்.

கேள்வி: விலை எப்படி வைப்பது? வாங்கியவர் என் படத்தைக் காலண்டரில் அச்சடித்தால்?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: ஒரே ஓவியரின் ஒரே அளவுப் படங்களுக்கு ஒரே விலை, 'இது எனக்குப் பிடித்தது' என்று ஒன்றுக்கு மட்டும் ஏற்றினால் மற்றவை மட்டம் என்று நீங்களே சொன்ன மாதிரி. சட்டச் செலவையும் விற்பனையில் குழுவுக்குச் சேரும் பங்கையும் சேர்த்தே விலை போடுங்கள். விற்றதற்குச் சிவப்புப் பொட்டு ஒட்டி, முன்பணம் வாங்கி, கடைசி நாள் வரை படத்தைச் சுவரிலேயே வையுங்கள்.

காலண்டர் விஷயத்தில், 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் உங்கள் பக்கம். படத்தை விற்றாலும் பதிப்புரிமை தானாகக் கைமாறாது. எழுத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்தால்தான் மாறும். ஆனால் ஒருவர் பணம் கொடுத்து வரையச் சொன்ன படம் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது உரிமை அவருக்கே. ரசீதிலேயே 'பதிப்புரிமை ஓவியருக்கே' என்று ஒரு வரி அச்சிட்டுவிடுங்கள்.