கேம் கேள்வி–பதில்: முதுகைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள்

கேள்வி: நாங்கள் நாலு பேர், கல்லூரி முடிந்து ஆளுக்கொரு ஊரில் இருக்கிறோம். சனிக்கிழமை ராத்திரி ஆன்லைனில் சேர்ந்து ஆட ஜாம்பி என்கிற நடைபிணங்களைச் சுடும் ‘ஜாம்பி ஆர்மி 4’ வாங்கலாம் என்று பேச்சு. பழைய பாகங்களை ஆடாமல் நேரே இதற்குப் போகலாமா?
– வாசகர், கோவை

பதில்: தாராளமாகப் போகலாம். முன்கதை சின்னதுதான். 1945, பெர்லின் விழப்போகிறது, ஹிட்லர் தோல்வியை ஒப்புக்கொள்ளாமல் செத்த படைவீரர்களை எழுப்பிவிடும் ‘பிளான் இசட்’டை ஏவிவிடுகிறார். அந்தக் கதை 2013-ல் இரண்டு கேமாக வந்து, மூன்றாவதையும் சேர்த்து 2015-ல் ‘ட்ரிலஜி’ ஆனது. நான்காவது 2020 பிப்ரவரியில் வந்தது. அதில் வருடம் 1946, ஹிட்லரை நரகத்துக்கு அனுப்பியாயிற்று, ஆனாலும் பிணங்கள் அடங்கவில்லை, மிலான், வெனிஸ் என்று சண்டை இத்தாலிக்குள் வந்துவிட்டது. இது தெரிந்தால் போதும். ட்ரிலஜியும் எனக்குப் பிடிக்கும், ஆனால் ஒரே மாதிரி தெருவில் ஒரே மாதிரி கூட்டத்தைச் சுட்டுக்கொண்டே இருப்பது மூன்றாவது ராத்திரியில் அலுத்துவிடும். நான்காவதில் இடமும் மாறுகிறது, வருகிற ஜாம்பியின் வகையும் மாறுகிறது.

கேள்வி: ‘கால் ஆஃப் டியூட்டி’யிலேயே நாஜி ஜாம்பி இருக்கிறதே, இதில் என்ன புதுசு?
– வாசகர், மதுரை

பதில்: 2008-ல் அந்த வரிசையின் ‘வேர்ல்டு அட் வார்’ கொண்டுவந்த அந்த மோடில் ஜாம்பிகள் அலை அலையாக வந்துகொண்டே இருக்கும், எத்தனை ரவுண்டு தாக்குப்பிடிக்கிறீர்கள் என்பதுதான் ஆட்டம். இதிலும் அப்படி ஒரு ஹோர்டு மோட் உண்டு, ஆனால் முக்கியமானது தொடக்கமும் முடிவும் உள்ள கேம்பெயின்தான். அதைவிடப் பெரிய வித்தியாசம், இது ‘ஸ்நைப்பர் எலீட்’ வீட்டுப் பிள்ளை. ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கும் ரெபெல்லியன் நிறுவனம் 2005-லிருந்து செய்துவருகிற ஸ்நைப்பர் கேம் அது, கார்ல் ஃபேர்பர்ன் என்ற அதே வீரர் இதிலும் வருகிறார். மறைந்திருந்து, மூச்சை அடக்கி, ஒரே தோட்டாவில் ஆளைச் சாய்க்கும் ஆட்டத்துக்குள் ஒரு பெருங்கூட்டத்தை ஓடவிட்டிருக்கிறார்கள். துப்பாக்கி மேலிருக்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பில் கண்ணை வைத்தவனுக்குப் பின்னால் வருவது தெரியாது. இந்த ஒரு விஷயத்தால்தான் இதில் கூட்டாளி என்பவர் நிஜமாகவே தேவைப்படுகிறார். கூட்டாகச் சேர்ந்து ஆடும் மற்ற பல கோ-ஆப் கேம்களில் நாலு பேர் பக்கத்துப் பக்கத்தில் நின்று தனித்தனியாக ஆடிக்கொண்டிருப்போம், அவ்வளவுதான்.

கேள்வி: நாலு பேருமே நன்றாகச் சுடுவோம், ஆனாலும் அடிக்கடி மொத்த டீமும் காலியாகிறது. என்ன தப்பு செய்கிறோம்?
– வாசகர், திருச்சி

பதில்: நாலு பேருமே நன்றாகச் சுடுவதுதான் தப்பு என்று நினைக்கிறேன். எல்லோரும் ஸ்கோப்புக்குள் போயிருப்பீர்கள், அப்போது படிக்கட்டு வழியாக வருகிற மூன்று ஜாம்பி போதும் உங்களை முடிக்க. இரண்டு பேர் மட்டும் தூரத்தைப் பார்க்கட்டும், ஒருவர் ஷாட்கன்னோ மெஷின்கன்னோ எடுத்துக்கொண்டு அவர்கள் முதுகுப் பக்கம் நிற்கட்டும், நாலாவது ஆள் வாசலிலும் படிக்கட்டிலும் கண்ணிவெடி வைத்துக்கொண்டு, யார் விழுந்தாலும் தூக்கிவிடப் போகிறவராக இருக்கட்டும். ஒருவர் விழுந்ததும் மூன்று பேரும் பதறி ஓடுவதைத்தான் பல டீமில் பார்க்கிறேன், அடுத்த பத்து விநாடியில் நாலு பேரும் தரையில் கிடப்பார்கள். யார் போவது என்பதை முன்கூட்டியே பேசிவைத்துவிடுங்கள்.

அப்புறம், காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். வெடிகுண்டைக் கட்டிக்கொண்டு ஓடிவருகிற ஜாம்பி கத்திக்கொண்டேதான் வரும், அந்தக் குரல் கேட்டதும் குறிவைத்திருக்கிற மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அதைத் தேடுங்கள், தூரத்தில் கூட்டத்துக்கு நடுவே வெடிக்கவைத்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது. நெருப்பு பீய்ச்சுகிறவனிடம் முகத்துக்கு முகம் நிற்காதீர்கள், ஒருவர் அவனைத் தன் பக்கம் இழுக்க இன்னொருவர் முதுகில் இருக்கிற டேங்கைச் சுட வேண்டும். தோட்டா தீர்கிறது என்றால் உடம்பில் சுடுகிறீர்கள் என்று அர்த்தம். தலையைப் பார்த்துச் சுடுங்கள். விழுந்தது சில நேரம் மறுபடி எழுந்து வரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. நண்பர்களோடு இதை ஆடக் கேட்கிறான். விடலாமா?
– வாசகி, ஈரோடு

பதில்: வேண்டாம்மா. ஐரோப்பாவில் இதற்கு 18 வயது என்றுதான் முத்திரை. தோட்டா உள்ளே போய் எலும்பை உடைப்பதை எக்ஸ்ரே படம் மாதிரி நெருக்கத்தில், மெதுவாகக் காட்டுகிற கேம் இது. அவன் கேட்பது பெரும்பாலும் நண்பர்களோடு சேர்ந்து ஆடுவதைத்தான், அதற்கு வயதுக்கு ஏற்ற கோ-ஆப் கேம்கள் நிறைய இருக்கின்றன, இல்லை என்று சொல்வதோடு நிறுத்தாமல் அப்படி ஒன்றை வாங்கிக்கொடுங்கள்.

கேள்வி: உண்மையில் நடந்த கொடூரத்தைப் பேய்க்கதை ஆக்குவது சரியா? நான் வரலாறு கற்பிக்கிறேன், எனக்கு உறுத்துகிறது.
– ஆசிரியை, தஞ்சாவூர்

பதில்: எனக்கும் அந்த உறுத்தல் உண்டு. நிஜத்தில் ஹிட்லர் 1945 ஏப்ரல் 30 அன்று பெர்லின் பதுங்கறையில் தற்கொலை செய்துகொண்டார், மே 8-ம் தேதி ஐரோப்பாவில் போர் முடிந்தது. கேம் அந்த இடத்தில்தான் வரலாற்றைத் திருப்பிவிடுகிறது. மாந்திரீக நாஜி என்ற கற்பனைக்கும் ஒரு நிஜ வேர் இருக்கிறது, நாஜிகளின் எஸ்.எஸ். படைத் தலைவர் ஹிம்லர் 1935-ல் ‘ஆனனெர்பே’ என்று ஒரு அமைப்பைத் தொடங்கி, ஆரியப் பெருமைக்கு ஆதாரம் தேடுகிறேன் என்று போலி ஆராய்ச்சிக்கு ஆட்களை வைத்திருந்தார். ஆனால் கேமில் இல்லாதது எது என்று பாருங்கள், கொல்லப்பட்ட 60 லட்சம் யூதர்கள் இல்லை. அதைச் செய்தவர்கள் பூதங்கள் அல்ல, சாதாரண குமாஸ்தாக்களும் ரயில்வே ஊழியர்களும் போலீஸ்காரர்களும் அதில் இருந்தார்கள். கண்ணில் சிவப்பு விளக்கு எரிகிற பிணமாக நாஜியைப் பார்த்துப் பழகினால் இது மறந்துபோகும். உங்கள் மாணவர்கள் இதை ஆடுகிறவர்கள் என்றால் அங்கிருந்தே பாடத்தைத் தொடங்குங்கள், நிச்சயம் காதுகொடுத்துக் கேட்பார்கள்.

கேள்வி: கூட ஆட ஆளே இல்லை. தனியாக ஆடலாமா?
– வாசகர், சேலம்

பதில்: ஆடலாம், எத்தனை பேருக்கான கூட்டம் வர வேண்டும் என்பதை நீங்களே குறைத்துக்கொள்ள வழி இருக்கிறது. சுடுவது அப்போதும் சுகமாகத்தான் இருக்கும், ஆனால் ஒவ்வொரு முறையும் ஸ்கோப்பை விட்டுத் திரும்பித் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கும். நாலு பேர் சேரும்வரை காத்திருக்காதீர்கள், அண்ணனோ தங்கையோ பக்கத்து மேஜைக்காரரோ ஒரே ஒருவர் கிடைத்தாலும் உடனே தொடங்கிவிடுங்கள்.