சம்பளமில்லாத வேலைக்கு ஏன் போகிறார்கள்?

கேள்வி: ஹெச்.ஏ.எல். நிறுவனத்தில் ஓய்வு பெற்ற என் கணவர், வாரத்தில் இரண்டு நாள் நகரின் பெரிய அரசு மருத்துவமனை ஒன்றுக்குப் போய், தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்திலிருந்து வரும் நோயாளிகளுக்கு உதவுகிறார். சம்பளம் கிடையாது, ஆட்டோவுக்கும் கைக்காசுதான். வீட்டில் தண்ணீர் கேனைத் தூக்கி வைக்கச் சொன்னால் முதுகு வலி என்பவர், அங்கே சக்கர நாற்காலி தள்ளுகிறாராம். இது சேவை மனப்பான்மையா, நாலு பேர் மெச்ச வேண்டும் என்ற ஆசையா?
- ஒரு வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: இரண்டும் இருக்கலாம், அதில் தவறும் இல்லை. அமெரிக்க உளவியலாளர்கள் கில் கிளாரி, மார்க் ஸ்னைடர் ஆகியோர் சக ஆய்வாளர்களுடன் 1998-இல் வெளியிட்ட ஆய்வு, தன்னார்வப் பணிக்கான நோக்கங்களை ஆறாக வகுத்தது. பிறருக்கு உதவ வேண்டும் என்ற கொள்கை அவற்றில் ஒன்று மட்டுமே. புதியன கற்பது, நட்பு வட்டத்தோடு இணைந்திருப்பது, வேலைக்கு உதவும் அனுபவம், சொந்தக் கவலையை மறப்பது, தன்மதிப்பு உயர்வது ஆகியவை மற்ற ஐந்து. ஒருவரிடமே இவற்றில் பல கலந்திருப்பது இயல்பு.

தொழிற்சாலையில் பலருக்கு வழி சொன்னவர், ஓய்வு பெற்ற பிறகு யாரும் எதுவும் கேட்காத மனிதராகிவிடுகிறார். மருத்துவமனை வாசலில் நிலைமை வேறு. பலகைகளெல்லாம் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் இருக்க, மகனின் பழைய மருந்துச் சீட்டுகளை மஞ்சப்பையில் சுருட்டி வைத்துக்கொண்டு, எந்த கவுன்ட்டரில் நிற்பது என்று தெரியாமல் திகைக்கும் ஒரு தாயிடம், “ஓ.பி. சீட்டு போட்டாச்சாம்மா? ரேஷன் கார்டு ஜெராக்ஸ் இருக்கா?” என்று தமிழில் ஒருவர் கேட்டுவிட்டால், அரைநாள் அலைச்சல் மிச்சமாகிறது. அதனால் உங்கள் கணவருக்குப் பெருமை ஏற்பட்டால் ஏற்படட்டும். அந்தத் தாய்க்குக் கிடைத்த உதவி அதனால் குறைந்துவிடப் போவதில்லை.

தண்ணீர் கேன் விஷயத்தில் என் ஓட்டு உங்களுக்கே. வீட்டு வேலைக்கும் சம்பளம் கிடையாது, நன்றி சொல்வாரும் இல்லை. அவர் வெளியே போவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். கேனைத் தூக்கி வைத்துவிட்டுக் கிளம்பும்படி கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் பகுதிக் குழந்தைகளுக்கு மாலை நேரத்தில் இலவச டியூஷன் நடத்துகிறோம். சொல்லித்தர வரும் இளைஞர்கள் சில வாரங்களில் நின்றுவிடுகிறார்கள். மாதம் ஐந்நூறு ரூபாய் கொடுத்தால் நிலைப்பார்களா?
- ஒரு வாசகர், விவேக்நகர், பெங்களூரு

பதில்: ஐந்நூறு ரூபாய் வேண்டாம். யூரி நீஸி, ஆல்டோ ருஸ்டிகினி என்ற பொருளியலாளர்கள் இஸ்ரேலில் பள்ளி மாணவர்களை வைத்து நடத்தி 2000-இல் வெளியிட்ட சோதனையை இங்கே சொல்ல வேண்டும். வீடு வீடாக நன்கொடை திரட்டிய மாணவர்களில் ஒரு பிரிவினருக்கு எதுவும் தரப்படவில்லை. மற்ற இரு பிரிவினருக்கு, திரட்டும் தொகையில் முறையே 1, 10 சதவீதத்துக்கு இணையான பணம் தனியாகத் தரப்படும் என்று சொல்லப்பட்டது. அதிகம் திரட்டியவர்கள் பணம் பெறாதவர்களே. மிகக் குறைவாகத் திரட்டியவர்கள் 1 சதவீதக்காரர்கள். சும்மா செய்யும்வரை அது தன் விருப்பம். சிறுதொகை கைக்கு வந்ததும், ‘இவ்வளவு வேலைக்கு இவ்வளவுதானா?’ என்ற கணக்கு மனத்தில் ஓடத் தொடங்கிவிடுகிறது.

முடிந்தால் முழுச் சம்பளம் கொடுத்து ஆசிரியரை அமர்த்துங்கள், முடியாவிட்டால் பி.எம்.டி.சி. பஸ் கட்டணத்தையும் தேநீர்ச் செலவையும் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். செலவைத் திருப்பித் தருவது கூலியாகாது. இளைஞர்கள் நின்றுவிடுவதற்குப் பணம்தான் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. முப்பது பிள்ளைகள் இரையும் கூடத்தில் இன்றைக்கு யாருக்கு எதைச் சொல்லித்தருவது என்றே தெரியாமல் நிற்பவர் மறுவாரம் எதற்காக வர வேண்டும்? ஒவ்வொருவரிடமும் நான்கு பிள்ளைகளையும் ஒரு பாடத்தையும் ஒப்படையுங்கள். பின்னத்தில் தடுமாறிய பிள்ளை அரையாண்டுத் தேர்வில் எத்தனை மதிப்பெண் வாங்கியது என்பதை, சொல்லித்தந்தவரிடம் அந்தப் பிள்ளையையே சொல்ல வையுங்கள்.