பி.எச்டி. சேரும் முன் வளர்ப்பு அறையைப் பாருங்கள்

எம்.எஸ்சி. இயற்பியல் முடிக்கப்போகும் உங்கள் மகள் டோப்பாலஜிக்கல் மீகடத்திப் படலங்களில் (மேற்பரப்பில் மட்டும் மின்சாரம் கடத்தும் பொருளையும், குளிரில் தடையே இல்லாமல் கடத்தும் மீகடத்தியையும் சேர்த்த மெல்லிய அடுக்குகள்) பி.எச்டி. செய்ய விரும்புகிறார், இதற்கெல்லாம் வேலை கிடைக்குமா என்று கேட்கிறீர்கள். கிடைக்கும். ஆனால் தலைப்பைவிட, எந்த ஆய்வகம் என்பதுதான் முக்கியம்.

இந்தப் படலங்களுக்கு உதவும் பிஸ்மத் செலினைடு உள்ளே மின்சாரத்தைத் தடுக்கும், மேற்பரப்பில் கடத்தும். அதன்மேல் நையோபியம் என்ற மீகடத்தி உலோகத்தைப் பூசிக் குளிர்வித்தால், மீகடத்தியின் எலெக்ட்ரான் ஜோடிகள் அந்தப் பரப்புக்குள் கசியும். 2008-ல் ஃபூ, கேன் என்ற இயற்பியலாளர்கள் இருவரும் முன்வைத்த யோசனை இது. செய்து காட்டுவதுதான் கடினம். பிஸ்மத் செலினைடின் ஓர் அடுக்கின் தடிமன் சுமார் 1 நானோமீட்டர். 6 அடுக்குக்குக் கீழே போனால் மேல், கீழ்ப் பரப்புகள் கலந்து, தேடிய பண்பே கெடும். செலினியம் குறைந்தால் படிகத்தில் காலியிடங்கள் உண்டாகி உட்பகுதியும் கடத்தத் தொடங்கும். அதனால்தான் படலம் வளர்க்கும்போது செலினியத்தைப் பிஸ்மத்தைவிடப் பல மடங்கு அதிகமாகப் பாய்ச்சுகிறார்கள்.

எனவே ஆய்வகத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி: படலம் வளர்ந்தபின் காற்றுப் படாமல் நையோபியம் பூச வசதி இருக்கிறதா? வெளியே எடுத்துப் பூசினால் இடையில் ஆக்சைடு படிந்து, ஜோடிகள் இறங்குவது பலவீனமாகும். அடுத்து, படலம் வளர்க்கும் வெற்றிடக் கலமான வளர்ப்பு அறை ஆண்டில் எத்தனை மாதம் ஓடுகிறது? ஒருமுறை திறந்தால், ஈரத்தை ஓட்ட நாள்கணக்கில் சூடேற்றிய பிறகே அடுத்த படலம். அறையில் காற்றுக் கசிவு தெரியாமல் மாதங்கள் போனால் ஆய்வேடும் தள்ளிப்போகும். கடைசி இரண்டு மாணவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள் என்பதையும் தயங்காமல் கேளுங்கள்.

மயோரானா துகள் (தனக்குத் தானே எதிர்த்துகளாக இருக்கும் துகள்) பற்றிய செய்திகளைப் பார்த்துச் சேர வேண்டாம். இதே வகைப் படலத்தில் நையோபியம் பதித்து அதைக் கண்டதாக 2017-ல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த கட்டுரை 2022-ல் திரும்பப் பெறப்பட்டது.

பணம்: நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். எனும் ஆய்வு உதவித்தொகை பெற்றால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000; வீட்டு வாடகைப்படி தனி. பி.எச்டி. சேர்க்கைக்கு உதவும் கேட், ஜெஸ்ட் நுழைவுத் தேர்வுகளையும் சேர்த்தே எழுதட்டும். தேசிய குவாண்டம் திட்டத்தில் பொருட்கள், சாதனங்களுக்கான மையம் டெல்லி ஐ.ஐ.டி.யில் இருக்கிறது.

கல்லூரிப் பணி ஒன்றே வழி என்று நினைக்க வேண்டாம். வெற்றிடக் கருவி, படலப் பூச்சு, ஹீலியம் குளிர்கருவி, நுண்மின் அளவீடு ஆகிய நான்கும் கைவந்தால் சிப் தயாரிப்பிலும் இடமுண்டு. வரும் கோடையில் இரண்டு மாதம் ஓர் ஆய்வகத்தில் பயிற்சி கேட்டு எழுதச் சொல்லுங்கள். பம்பும் வால்வும் பிடிக்கின்றனவா என்பது அங்கே தெரிந்துவிடும்.